காடு யாருக்குத் தனிமை?

என் தம்பி காட்டுக்குப் போகிறேன் என்றான். ஒரு வாரம். தனியாக. ஒரு கத்தி, ஒரு போர்வை, இரண்டு கிலோ அரிசி, ஒரு தண்ணீர்ப் பாட்டில். கைப்பேசியை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போவானாம். கல்வராயன் மலையில் ஏதோ ஓர் ஓடையைப் படத்தில் பார்த்து வைத்திருக்கிறான். அந்த ஓடைக் கரையில் கிடைத்ததைத் தின்று, கிடைத்த இடத்தில் படுத்து, ஏழு நாள் பிழைத்துக் காட்ட வேண்டுமாம்.

யாருக்குக் காட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

அவனுக்கு முப்பது வயது. எங்கள் சேரியில் பொறியியல் படித்த மூன்றாவது ஆள். சென்னையில் கம்பெனி வேலை. நீச்சல் தெரியாது. விறகடுப்பு மூட்டத் தெரியாது. ஆடு மேய்த்ததில்லை, ஏர் பிடித்ததில்லை. அவனை அப்படி வளர்த்தது நாங்கள்தான். அம்மா அவனைக் களத்து மேட்டுக்கு அனுப்பியதே இல்லை. "எம் புள்ள கையில மம்முட்டிக் காம்பு படக்கூடாது" என்பது அவள் வைராக்கியம். அந்த வைராக்கியத்தின் விளைச்சல்தான் என் முன்னால் நின்று காட்டுக்குப் போகிறேன் என்றது.

நான் சொன்ன முதல் பதில் இது: "ஏண்டா, பட்டினி கெடக்கறதுக்குக் காட்டுக்கு எதுக்குடா போவணும்? நம்ம தெருவுலயே கெடக்கலாமே." மேடையில் சொல்லியிருந்தால் கைதட்டல் கிடைத்திருக்கும். பத்துப் பதினைந்து வருடமாக மேடையேறி மேடையேறி, வீட்டிலும் அப்படியே பேச வந்துவிட்டது எனக்கு. அவன் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னான்: "அக்கா, காட்டுல எவனும் எந்தத் தெருன்னு கேக்கமாட்டான்."

அந்த ஒரு வாக்கியத்துக்கு என்னிடம் பதில் இல்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தோழர்களிடம் பதில் தயாராக இருக்கும் என்று தெரியும். இது நடுத்தர வர்க்க நோய், மேற்கிலிருந்து இறக்குமதியான சலிப்பு, வயிறு நிறைந்தவனின் விளையாட்டு என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். ஆனால் கேள்வி அதோடு முடியவில்லை. உயிர்பிழைத்தலே வாழ்க்கை என்று விதிக்கப்பட்ட கூட்டத்தில் பிறந்தவன், அந்த உயிர்பிழைத்தலை விளையாட்டாக ஆடிப் பார்க்கலாமா? ஆடினால் அது பாட்டன் பூட்டன் பசியைக் கேலி செய்வதாகுமா? இல்லை, பசியை விளையாட்டாக்க முடிகிற இடத்துக்கு ஒருவன் வந்து சேர்ந்ததே அந்தப் பசி ஜெயித்ததற்கு அடையாளமா?

அவன் மண்டையில் இந்த எண்ணம் புகுந்த வழி எனக்குத் தெரியும். கிறிஸ்டோபர் மெக்கண்ட்லெஸ் என்ற அமெரிக்க இளைஞனின் கதை. ஜான் கிராகவர் என்பவர் 1996இல் அதைப் புத்தகமாக எழுதினார். 2007இல் படமாகவும் வந்தது. தம்பி படத்தைத்தான் பார்த்திருந்தான். புத்தகத்தைத் தேடிப் பிடித்துப் படித்தவள் நான்.

மெக்கண்ட்லெஸ் வசதியான வீட்டுப் பிள்ளை. 1990இல் கல்லூரிப் படிப்பை முடித்தான். கணக்கில் இருந்த சுமார் 24,000 டாலரை அறநிறுவனத்துக்குக் கொடுத்தான். பிறகு கையிலிருந்த நோட்டுகளையும் கொளுத்தினான். பெயரை மாற்றிக்கொண்டான். இரண்டு வருடம் நாடோடியாகத் திரிந்துவிட்டு, 1992 ஏப்ரல் கடைசியில் அலாஸ்காவின் பனிக்காட்டுக்குள் நடந்தான். ஏறக்குறைய நாலரைக் கிலோ அரிசி, ஒரு சிறு துப்பாக்கி, சில புத்தகங்கள். நல்ல வரைபடம் இல்லை, திசைகாட்டி இல்லை. வழியில் வண்டியில் ஏற்றிக்கொண்ட ஒரு மனிதர் பரிதாபப்பட்டுத் தன் ரப்பர் பூட்ஸைக் கழற்றிக் கொடுத்தார். காட்டுக்குள் கைவிடப்பட்டுக் கிடந்த 142ஆம் எண் பேருந்தில் தங்கினான். ஜூலை தொடக்கத்தில் திரும்பி வர நினைத்து நடந்தான். ஏப்ரலில் சுலபமாகக் கடந்து வந்த தெக்லனிகா ஆறு, பனி உருகிப் பெருகி ஓடியது. வந்த வழியே திரும்பிப் பேருந்துக்குப் போனான். அந்த இடத்திலிருந்து கொஞ்ச தூரத்திலேயே ஆற்றின் குறுக்கே கம்பிவடமும் அதில் ஓடும் ஒரு கூடையும் இருந்தன. வரைபடம் இருந்திருந்தால் தெரிந்திருக்கும். ஆகஸ்டில் செத்தான். செப்டம்பரில் கண்டெடுத்தபோது உடலின் எடை முப்பது கிலோ. தின்ற விதையில் நஞ்சு இருந்ததா என்ற சர்ச்சை இன்றும் ஓயவில்லை. பட்டினி என்பதில் சர்ச்சை இல்லை.

இந்தக் கதையில் என்னைப் பிடித்து நிறுத்தியது சாவு அல்ல. ஜூன் மாதம் அவன் ஒரு பெரிய கடமானைச் சுட்டான். மலைபோல் கறி. புகை போட்டுப் பதப்படுத்தப் பார்த்தான். ஈ மொய்த்துப் புழு வைத்துவிட்டது. ஒரு வாரத்துக்குள் ஓநாய்க்கு விட்டுவிட்டான். அதைச் சுட்டிருக்கவே கூடாது என்று நொந்து எழுதி வைத்தான்.

இதை அம்மாவுக்குச் சொன்னேன். அம்மா அப்போது முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"அய்ய, அம்மாங் கறியையுமா வுட்டுட்டான்? கண்டம் போடத் தெரியாதா அந்தப் புள்ளைக்கு?"

"அவன் அமெரிக்காக்காரம்மா."

"எவனா இருந்தா இன்னா? கறிய வாரு வாரா சன்னமா அறுக்கணும். தடியா வச்சா உள்ள வெந்து புழுதான் வைக்கும். சன்னமா அறுத்து உப்பு மஞ்சத்தூளு பெரட்டிக் கொடியில போட்டா மூணு நாளு வெயில்ல வெறகாட்டம் ஆயிடும். உப்பு இல்லன்னாக்கூடக் காத்துல காயுமே. பாவம், பெத்தவ இருந்தாளா?"

நான் வாயடைத்துப் போனேன். ஏனென்றால் அலாஸ்கா வேட்டைக்காரர்கள் பிற்பாடு சொன்னதும் இதுதான். அந்த ஊரில் புகை போடுவது உதவாது, மெல்லிய வாராக அறுத்துக் காற்றில் தொங்கவிட்டிருக்க வேண்டும் என்று. முப்பது கிலோவாகச் சுருங்கிச் செத்த ஒருவனைப் பிழைக்க வைத்திருக்கக்கூடிய அறிவு, விருத்தாசலம் பக்கத்துச் சேரியில் கையெழுத்துப் போடத் தெரியாத ஒருத்தியிடம் கிடந்தது.

இப்படி எழுதும்போதே கொஞ்சம் பெருமை வருகிறது. அந்தப் பெருமையை நான் சந்தேகப்படுகிறேன். உப்புக்கண்டம் எங்கிருந்து வந்தது? ஊர்க்காரன் வீட்டில் மாடு செத்தால் இழுத்துப் போட வேண்டியது நம் கடமை என்று விதித்தார்களே, அங்கிருந்து வந்தது. வருடம் முழுக்கக் கறி கிடையாது. கிடைக்கிற அன்றைக்கு ஒரு முழு மாடு. அதைக் காய வைத்து மழைக்காலம் வரை வைத்துத் தின்னத் தெரியாவிட்டால் பிள்ளைகள் சாகும். பட்டினியும் இழிவும் சேர்ந்து பெற்ற அறிவு அது. செத்த மாட்டைத் தின்னாதே என்று அம்பேத்கர் 1927இல் மகாதில் சொன்னார். பல ஊர்களில் நம் ஆட்கள் அந்த வேலையைத் தூக்கியெறிந்தார்கள். எறிந்தது சரி. அந்தச் சரியில் எனக்குச் சந்தேகம் கிடையாது. எட்டாம் வகுப்புப் படிக்கும்போது வகுப்புத் தோழி ஒருத்தி திடீரென்று வீட்டுக்கு வந்தாள். வாசல் கொடியில் கறி தொங்கியது. நான் ஓடிப்போய் அதன்மேல் பாவாடையைத் தூக்கிப் போட்டு மறைத்தேன். அந்தப் பாவாடையின் நிறம் இன்னும் மறக்கவில்லை. அன்றைக்குக் கூச்சப்பட்டவள் இன்றைக்கு 'பூர்வீக அறிவு' என்று கட்டுரை எழுதுகிறேன். இரண்டில் எது பொய் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை.

ஆனால் ஒன்று தெரிகிறது. ஒரே அறிவு, யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. எலிவளை தோண்டி நெல் எடுத்தால் இருளனின் ஈனப் பிழைப்பு. அதையே பயிற்சியாளரை வைத்துப் பணம் கட்டிக் கற்றால் அது ஒரு கலை. வள்ளிக்கிழங்கு தோண்டித் தின்றால் வறுமை. வானப்பிரஸ்தன் தோண்டித் தின்றால் மனுவே அதைத் தவ உணவு என்கிறார். இருளர்களின் பாம்பு பிடிக்கும் தொழிலை 1972ஆம் வருடச் சட்டம் குற்றமாக்கியது. 1978இல் வடநெம்மேலியில் அவர்களுக்கான கூட்டுறவுச் சங்கம் வந்து, விஷம் எடுப்பது அனுமதிக்கப்பட்ட தொழிலானது. 2017இல் ஃபுளோரிடாவின் சதுப்புக்காட்டில் மலைப்பாம்பு தேட அமெரிக்காவே மாசி சடையன், வடிவேல் கோபால் இருவரையும் அழைத்தது. 2023இல் இருவருக்கும் பத்மஸ்ரீ கிடைத்தது. மெக்கண்ட்லெஸ் கையில் ஒரு செடி நூல் இருந்தது. எதைத் தின்னலாம், எதைத் தின்னக்கூடாது என்று சொல்லும் நூல். அது தெனைனா என்ற அலாஸ்காப் பழங்குடி மக்களின் அறிவைத் தொகுத்து அச்சிட்டது. அவன் தனியாகப் போகவில்லை. பல தலைமுறைக் கிழவிகளைத் தோள்பையில் வைத்துக்கொண்டுதான் போனான். தான் தனி என்று அவன் நினைத்துக்கொண்டான், அவ்வளவுதான்.

இதே கேள்வியோடு தோரோவிடம் போனேன். தனிமைக்கு அவர்தான் மூலவர் என்கிறார்கள். 1845 ஜூலையில் வால்டன் குளக்கரையில் குடிசை போட்டு, இரண்டு வருடம் இரண்டு மாதம் இருந்தார். குடிசைக்கு ஆன செலவு 28 டாலர் பன்னிரண்டரை சென்ட் என்று கணக்கு எழுதியிருக்கிறார். நிலம் நண்பர் எமர்சனுடையது. கான்கார்டு ஊர் நடக்கிற தூரம். அம்மா வீட்டுக்கும் போய்வந்தார். இதை வைத்து அவரைக் கேலி செய்கிறவர்கள் உண்டு. எனக்கு அதில் ருசி இல்லை. அடிமை முறையை எதிர்த்து வரி கட்ட மறுத்து ஓர் இரவு சிறையில் இருந்தவர் அவர். என் கண் வேறோர் இடத்தில் நின்றது. தனக்கு முன் அந்தக் காட்டில் குடியிருந்தவர்களைப் பற்றி அவரே ஓர் அத்தியாயம் எழுதியிருக்கிறார். கேட்டோ, ஸில்ஃபா, பிரிஸ்டர் ஃப்ரீமன். எல்லோரும் அடிமைத்தளையில் இருந்து விடுபட்ட கறுப்பின மக்கள். ஊருக்குள் இடம் கிடையாது. விளையாத மண் என்று யாரும் சீந்தாத காட்டோரத்தில் ஒதுங்கிக்கொள்ள விட்டார்கள். நம் மொழியில் சொன்னால் புறம்போக்கு.

ஸில்ஃபா தனி மனுஷி. சின்னக் குடிசை. ஊராருக்கு நூல் நூற்றுக் கொடுத்துப் பிழைத்தாள். 1812ஆம் வருடப் போரின்போது, அவள் இல்லாத நேரத்தில் இங்கிலாந்துப் போர்க்கைதிகள் குடிசைக்குத் தீ வைத்தார்கள். அவள் பூனை, நாய், கோழி எல்லாம் வெந்து செத்தன. அதற்குப் பிறகும் உயிரோடு இருந்தாள். தோரோ இருந்த அதே காட்டில், தோரோவைவிட எத்தனையோ மடங்கு காலம், நண்பனின் நிலமும் இல்லாமல், அம்மா வீட்டுச் சாப்பாடும் இல்லாமல் இருந்தாள். இரண்டு வருடம் இருந்தவருக்கு ஒரு தத்துவம் கிடைத்தது. ஆயுசு முழுக்க இருந்தவளுக்கு அவர் புத்தகத்தில் ஒரு பத்தி கிடைத்தது. தோரோ எழுதியிருக்காவிட்டால் அதுவும் கிடைத்திருக்காது. அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

தனிமை என்பது வேறு, தனிமைப்படுத்தப்படுவது வேறு. முதலாவதில் கதவு உள்பக்கம் தாழ்ப்பாள். இரண்டாவதில் வெளிப்பக்கம். என் தாத்தா சுடுகாட்டில் பிணம் வேகும்வரை ராத்திரி முழுக்கத் தனியாக உட்கார்ந்திருப்பார். மழையில், பனியில், நரி ஊளையில். சங்க இலக்கியத்தில் சுடுகாட்டைக் காடு என்றே சொல்வார்கள். காடு வாழ்த்து என்று ஒரு துறையே இருக்கிறது. முதுகலையில் அதற்கு நான் ஐந்து மதிப்பெண் விடை எழுதினேன். எங்கள் தாத்தா ஆயிரம் ராத்திரி அந்தக் காட்டில் இருந்தவர் என்பதை எழுத அந்த விடைத்தாளில் இடம் இல்லை. அவரைத் துணிச்சல்காரர் என்று யாரும் சொல்லவில்லை. வெட்டியான் என்றார்கள்.

இவ்வளவும் தம்பிக்கு எதிரான வாதம்போலத் தோன்றும். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஒரு வாரம் இதை வைத்தே அவனை மடக்கிக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவன் கேட்டான்: "நம்ம வூட்டுல எனக்கு ஒரு நாளாவது கதவ சாத்திக்கிட்டுத் தனியா இருக்க எடம் இருந்துச்சாக்கா?"

இல்லை. ஒரே அறை. ஆறு பேர். அதற்குப் பிறகு விடுதியில் ஓர் அறைக்குப் பத்துப் பேர். இப்போது சென்னையில் நாலு பேர் சேர்ந்து எடுத்த வீடு. அந்த வீடு கிடைக்கவும் பதினோரு வீட்டுக்காரர்கள் 'சொந்த ஊர் எது, ஊர்ல எந்தப் பக்கம்' என்று கேட்டுவிட்டு, வாடகைக்கு வேறு ஆள் வந்துவிட்டதாகச் சொன்னார்கள். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு மேசையில் ஒரு கண் எப்போதும் அவன் டப்பாவின் மேல். யாருடைய பார்வையும் படாத ஏழு நாளை அவன் வாழ்நாளிலேயே பார்த்ததில்லை. அதைத்தான் காடு என்கிறான்.

அந்த உரிமையை மறுக்க நான் யார்? ராமாயணத்தின் உத்தர காண்டத்தில் ஒருவன் தனியாகக் காட்டுக்குப் போனான். யாருக்கும் கெடுதல் செய்யவில்லை. தலைகீழாகத் தொங்கித் தவம் செய்தான். பெயர் சம்பூகன். நீ யார், என்ன வருணம் என்று ராமன் கேட்டான். காட்டிலும் வந்து எந்தத் தெரு என்று கேட்டார்கள், தம்பி. சூத்திரன் என்றதும் தலையை வெட்டினான். சம்பூகனின் கொலையை அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' உரையில் எடுத்துப் பேசுகிறார், நால்வருணம் தண்டனை இல்லாமல் நிற்காது என்பதற்குச் சான்றாக. நான் இங்கே இன்னொன்றையும் பார்க்கிறேன். சம்பூகன் கூலி கேட்கவில்லை, நிலம் கேட்கவில்லை. தன்னோடு தான் தனியாக இருக்க ஆசைப்பட்டான். அதற்கே தலை போனது. அப்படியானால் தனிமை சொகுசு அல்ல. மறுக்கப்பட்ட சொத்து. நாம் கேட்டு வாங்க வேண்டிய பட்டியலில் இதுவரை எழுதாமல் விட்ட ஓர் உருப்படி.

பெண்ணுக்கு இது இன்னும் தூரம். விடிகாலை இருட்டில் கருவேலங்காட்டுக்கு ஒதுங்கப் போவதற்கே நாலு பேர் சேர்ந்து போக வேண்டும். தனியாகப் போனால் என்ன நடக்கும் என்று பத்து வயதிலேயே தெரியும். தம்பி போகிறேன் என்று சொன்னபோது எனக்கு வந்த கோபத்தில் பாதி பொறாமை. இதையும் எழுதிவிடுகிறேன்.

இன்னொன்றும் எழுத வேண்டும். அவனுக்குத் தெரியாதது.

அவன் ஏற்கெனவே போயிருக்கிறான். தொண்ணூறுகளின் நடுவில் எங்கள் சேரியை அடித்தார்கள். பேருந்து நிறுத்தத்தில் தொடங்கிய ஒரு வாய்ச்சண்டை. ராத்திரி ஊரே திரண்டு வந்தது. ஆம்பளைகள் ஒரு திசையில் ஓடினார்கள், இல்லாவிட்டால் விடிந்ததும் போலீஸ் அவர்களைத்தான் பிடிக்கும். பெண்களும் பிள்ளைகளும் முந்திரித் தோப்புக்குள். எனக்கு ஏழு வயது, தம்பிக்கு ஒன்று. அம்மா குடிசையிலிருந்து எடுத்தது மூன்று பொருள். ரேஷன் கார்டு, உப்புப் பொட்டலம், தீப்பெட்டி. இரண்டு ராத்திரி, மூன்று பகல். தீ மூட்ட முடியாது, புகை தெரியும். முந்திரிப் பழத்தை உப்புத் தொட்டுத் தின்றோம். தொண்டை கரகரத்து இருமல் வந்தால் பெரியவர்கள் அடித்தார்கள். தண்ணீருக்கு நடு ராத்திரி ஒருத்தி மட்டும் பம்புசெட்டுக்குத் தவழ்ந்து போய்வருவாள். இரண்டாவது ராத்திரி டார்ச் வெளிச்சம் கிட்டத்தில் வந்தது. தம்பி அழத் தொடங்கினான். அம்மா அவன் வாயைப் பொத்தினாள். வெளிச்சம் போகும்வரை பொத்தியிருந்தாள். எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கையை எடுத்தபோது அவன் முகம் கறுத்திருந்தது. அம்மா அவன் காலைப் பிடித்துத் தலைகீழாய் உலுக்கினாள். மூச்சு வந்தது. அதற்கப்புறமும் அவன் அழவில்லை.

அம்மா இதை அவனிடம் சொன்னதில்லை. நானும் சொல்லவில்லை. இந்தப் பக்கத்தில்தான் முதல்முறை படிப்பான்.

ஆக, போகக்கூடாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போவது சரியா என்பதைவிட எப்படிப் போவது சரி என்ற கேள்விதான் கடைசியில் மிஞ்சியது. தயாரிப்பு இல்லாமல் போவதைத் துணிச்சல் என்கிறார்கள். நான் அதைக் கடன் என்பேன். நீ வழி தப்பினால் தேடி வருவது யார்? 2018 மார்ச்சில் குரங்கணி மலையில் காட்டுத் தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேற்பட்டோர் செத்தார்கள். வெந்த உடம்புகளைப் போர்வையில் கட்டித் தூக்கி இறக்கியவர்களில் அடிவாரத்துச் சனங்கள் இருந்தார்கள். மெக்கண்ட்லெஸ் செத்த பேருந்தைத் தேடிப் போனவர்களில் 2010இலும் 2019இலும் இரண்டு பெண்கள் அதே தெக்லனிகா ஆற்றில் மூழ்கினார்கள். ஒவ்வொரு வருடமும் யாரையாவது மீட்கப் போக வேண்டியிருந்தது. கடைசியில் 2020 ஜூனில் அந்தப் பேருந்தையே ஹெலிகாப்டரில் தூக்கி எடுத்துப் போனார்கள். தன் உயிர் தன்னுடையது என்று சொல்கிறவன் அடுத்தவன் உயிரையும் சேர்த்துத்தான் பந்தயம் வைக்கிறான்.

2023 மே மாதம் கொலம்பியாவின் அமேசான் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. பெரியவர்கள் செத்தார்கள். உயிரோடு மிஞ்சியது வித்தோத்தோ பழங்குடியின் நான்கு பிள்ளைகள். மூத்தவளுக்குப் பதின்மூன்று வயது. கடைசிப் பிள்ளைக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நாற்பது நாள் கழித்து நாலு பேரையும் உயிரோடு கண்டுபிடித்தார்கள். விமானத்தில் இருந்த மரவள்ளி மாவைத் தின்றார்கள். அது தீர்ந்ததும் எந்தப் பழம், எந்த விதை என்று மூத்தவளுக்குத் தெரிந்திருந்தது. பாட்டி சொல்லிக் கொடுத்திருந்தாள். தேடிப் போன ராணுவத்தோடு பழங்குடி ஆட்களும் போனார்கள். அந்தப் பெண் காட்டை ஜெயிக்கப் போகவில்லை. இடுப்பில் ஒரு குழந்தை இருந்தது. தயாரிப்பு என்றால் எனக்கு அதுதான். பை அல்ல, கத்தி அல்ல. யாரோ ஒருத்தி எப்போதோ வாய்வழியாய்ச் சொன்னதைக் காதுகொடுத்துக் கேட்டிருப்பது.

தம்பியை உட்கார வைத்துப் பேசினேன். ரிசர்வ் காட்டுக்குள் அனுமதி இல்லாமல் நுழைவது குற்றம். வனக்காவலர் கையில் சிக்கினால், நல்ல சட்டை போட்ட வேறொருவனுக்குப் புத்திமதி கிடைக்கும். உனக்கு என்ன கிடைக்கும் என்று முகவரியைப் பார்த்துதான் முடிவு செய்வார்கள். காட்டுல எவனும் கேக்கமாட்டான் என்றாயே, கேட்பான். தலைமுறை தலைமுறையாய் அங்கேயே இருக்கிற மலைசனமே 2006ஆம் வருடத்து வன உரிமைச் சட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு இன்னும் பட்டாவுக்கு அலைகிறது. மேலே எங்கோ பெய்த மழைக்கு நீ படுத்திருக்கிற ஓடை ராத்திரியில் பெருகும், படுக்கை மேட்டில் இருக்கட்டும். பாம்பு கடித்தால் கீறாதே, இறுக்கிக் கட்டாதே, கடிபட்ட இடத்தை அசைக்காமல் ஆஸ்பத்திரிக்கு வா. அங்கே போடுகிற மருந்துக்கு வேண்டிய விஷம் இருளர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்தும் போகிறது. அதனால் தனியாய்ப் பிழைத்தேன் என்று மட்டும் வந்து சொல்லாதே. எங்கே இருப்பாய், என்றைக்குத் திரும்புவாய் என்று எழுதிக் கொடுத்துவிட்டுப் போ. அந்தத் தேதி தாண்டினால் நான் ஆள் திரட்டுவேன்.

முறைத்தான். பிறகு எழுதிக் கொடுத்தான். ஏழு நாள் மூன்று ராத்திரியாய்க் குறைந்தது. இயக்க வேலையில் பழக்கமான மலைக்காரர் ஒருவரின் பட்டா நிலத்தை ஒட்டி ஒரு கரடு இருக்கிறது. அங்கே இருக்கலாம், நான் கிட்டே வரமாட்டேன், கத்தினால் கேட்கும் தூரத்தில் இருப்பேன் என்றார் அவர். அதற்கு முன்னால் ஒரு மாதம், சனி ஞாயிறுகளில் அம்மா அவனுக்கு அடுப்பு மூட்டவும், ஈர விறகில் எதை உரித்தால் பற்றும் என்பதையும், கறியை வாராக அறுப்பதையும் சொல்லிக் கொடுத்தாள். முதல் நாள் விரலை அறுத்துக்கொண்டான். மம்முட்டிக் காம்பு படக்கூடாத கை. அம்மா கட்டுப்போட்டுவிட்டு மறுபடியும் கத்தியைக் கொடுத்தாள். வாசல் கொடியில் பல வருடம் கழித்துக் கண்டம் தொங்கியது. நான் எதையும் போட்டு மூடவில்லை. ஆனால் தெருவில் யாராவது வருகிறார்களா என்று பார்த்துக்கொண்டேதான் இருந்தேன்.

கிளம்பும்போது அம்மா அவன் பையில் பிளாஸ்டிக் பையில் சுற்றிய தீப்பெட்டியையும் உப்புப் பொட்டலத்தையும் வைத்தாள். எதற்கு என்று அவன் கேட்டான். "உப்பு இருந்தா எதையும் தின்னலாம்" என்றாள்.

சொன்ன தேதியில், சொன்ன நேரத்துக்கு ஒரு மணி முன்னாலேயே வந்துவிட்டான். முகமெல்லாம் கொசுக்கடி. முழங்கையில் முள் கீறல். சோறு மூன்று வேளையும் குழைந்துவிட்டதாம். ஒரு ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை, மறுநாள் பகல் முழுக்கத் தூங்கினானாம். பெரிதாய் ஒன்றும் யோசிக்கவில்லை என்றான். அம்மா சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தாள்.

"பயந்தியாடா?"

"மொத நாளு பயந்தேன். ரெண்டாவது ராத்திரி சும்மா கத்துனேம்மா. சத்தமா. யாரும் இல்லையே, அதான். தொண்ட கட்டற வரைக்கும் கத்துனேன். அந்த மலைக்காரர் ஓடியாந்துட்டாரு பாவம்."

அம்மா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் எழுந்து அவன் பையைத் திறந்து, மிச்சமிருந்த உப்பை எடுத்து உப்புச் சாடியில் கொட்டினாள்.